ஆலங்குளத்துச் சித்தி

சென்னை,
2 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெனோ எழுதுகிறேன். போனில் பேசினால் நான் சத்தம் போடுகிறேன், நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் பேனாவும் பேப்பரும் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள்.

அந்த வீடியோவை எனக்கு அனுப்பியது யார் தெரியுமா? ரெபேக்காளின் அண்ணன். “மாப்ள, இது உங்க ஊருப் பக்கம்தானே?” என்று கேட்டு, கூடவே சிரிக்கிற பொம்மை வேறு. திறந்து பார்த்தால் குற்றாலத்தில் ஏதோ லாட்ஜின் சாப்பாட்டு ஹால். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பி.டி. டீச்சராக இருந்தபோது போட்ட அதே கேன்வாஸ் ஷூவோடு, பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறீர்கள். பின்னால் சவுண்ட் சர்வீஸ் ஹுஸைஃபா அண்ணன் டிரம்ஸை உடைத்துக்கொண்டிருக்கிறார். கீழே ஒருவன் ‘ராக் ஆச்சி’ என்று எழுதியிருக்கிறான். அதற்கு அத்தனை பேர் கைதட்டல்.

ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

ரெபேக்காளின் அப்பா பாளையங்கோட்டையில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் மரியாதையான குடும்பம். மே மாதக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். அது முடியும் வரைக்கும் கிதாரைத் தொடாதீர்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உங்கள் மகன்,
ஜெனோ

*

மேலகரம்,
8 மார்ச் 2025

கண்ணான மகன் ஜெனோவுக்கு, கர்த்தர் உன்னைக் காக்கும்படி நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா எழுதுவது.

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது! கோழி கிளறியது போல் அப்படியேதான் இருக்கிறது. சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

வீடியோ எடுத்தவன் மேல் எனக்கும் கோபம்தான். ஐந்தருவி ரோட்டில் ஹுஸைஃபாவின் மாமா லாட்ஜ் இருக்கிறது. சீசன் முடிந்தால் ஆளே வராது. அங்கேதான் நானும் அவனும், லேபில் வேலை பார்க்கிற வேல்விழியும் ஒரு வருடமாக வாசித்துப் பழகுகிறோம். அருவி இரைச்சலில் ஒரு பிள்ளைக்கும் கேட்காது. பிப்ரவரியில் தண்ணீர் நின்றுபோனதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை வாசித்து முடித்து நிமிர்ந்தால் ஜன்னல் முழுக்கத் தலைகள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கையை நிறுத்தவில்லை.

கிதார் உன்னுடையதுதான், பரணில் கிடந்தது. நீ காலேஜில் ஆசைப்பட்டு வாங்கி ஒரு பாட்டுக்கூட உருப்படியாக வாசிக்காமல் போட்டுவிட்டுப் போனாயே, அதே கிதார். மண்டையோடு போட்ட உன் கறுப்புச் சட்டைகளைத் துவைத்தவள் நான். அதில் போட்டிருந்த பேண்டுகளின் பெயரெல்லாம் எனக்கு அப்போதே மனப்பாடம். உனக்குப் பொருந்தின சங்கீதம் எனக்கு மட்டும் எப்படி அசிங்கமாகிப் போயிற்று?

ஏன் என்று கேட்க மாட்டாய். நானே சொல்லுகிறேன். அப்பா போன மறு வருடம் நம் கோயில் அசன விருந்துக்கு ஹுஸைஃபாதான் மைக் செட். சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்பீக்கரைச் சரிபார்க்க ஒரு ராக் பாட்டைப் போட்டுவிட்டான். குருவானவர் ஓடிவந்து நிறுத்துவதற்குள் அந்த அடிச்சத்தம் என் செருப்பு வழியாக ஏறி வயிற்றுக்குள் நின்றது. அன்றைக்கு எனக்குப் பசித்தது ஜெனோ. அப்பா போனதற்கு அப்புறம் அதுவரை எனக்குப் பசி என்று ஒன்று வரவே இல்லை. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து தேடித் தேடிக் கேட்கிறேன். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமையாகக் கிடந்த கறுப்பு ஜனங்களின் பிள்ளைகள் பாடியதுதான் ப்ளூஸ். அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். மின்சாரக் கிதாரை முதல் முதலாகத் தூக்கிக்கொண்டு மேடையேறியவர்களில் ஒருத்தி கோயிலில் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பொம்பிளை. கிளப்பிலும் போய் வாசித்தாள் என்று அவள் சபையாரே அவளைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள். ஹெவி மெட்டல் வந்தது இங்கிலாந்தில் புகை படிந்த பட்டறை ஊரிலிருந்து. அங்கே ஒருவனுக்கு மெஷினில் விரல் நுனி போய்விட்டது. வலிக்காமல் வாசிக்கக் கம்பியைத் தளர்த்திக் கட்டினான். அந்தத் தளர்ந்த சத்தத்தைத்தான் நீ ஹாஸ்டலில் கதவை மூடிக்கொண்டு கேட்டாய். பங்க் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை வெட்டி இல்லாத பிள்ளைகள், கிதாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும் என்று இறங்கிவிட்டார்கள். என் டிரில் கிளாஸ் மாதிரி, சுருக்கமாக ஆரம்பித்துச் சுருக்கமாக முடியும். கிரன்ஜ் என்கிறார்களே, அது விடாமல் தூறல் விழுகிற ஊர்ப் பையன்கள் கார் ஷெட்டுக்குள் கிடந்து வாசித்தது. அது நம் ஊருக்கென்றே செய்தது. நீட்டி நீட்டி வாசிக்கிற ப்ராக் ராக் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் போல எப்போது முடியும் என்றே தெரிவதில்லை.

நீ என்னைப் பார்த்துக் கூசுவது இது முதல் தடவை இல்லை. அதை விடு. நீ கேட்டதற்காகக் கல்யாணம் வரைக்கும் வெளியே எங்கும் வாசிக்க மாட்டேன். வீட்டில் வாசிப்பேன், அதை நீ கேட்காதே.

உன் அம்மா,
சுகிர்தம்

*

சென்னை,
20 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

ரெபேக்காளின் அப்பா அருமைநாயகம் சாரும் அம்மாவும் உங்களை முதல் தடவையாக நேரில் பார்க்க ஏப்ரல் முதல் சனிக்கிழமை நம் வீட்டுக்கு வருகிறார்கள். முன் அறையில் கிதாரையும் அந்த ஸ்பீக்கர் பெட்டியையும் வைக்காதீர்கள். நல்ல சேலையாகக் கட்டிக்கொள்ளுங்கள். வீடியோவைப் பற்றி ஏதாவது கேட்டால் நீங்களாக எதுவும் விளக்க வேண்டாம். அவர்கள் சொல்வதற்கு ஆமா போட்டுவிடுங்கள். நான் ஏற்கெனவே பேசிச் சமாளித்துவிட்டேன்.

ஜெனோ

*

மேலகரம்,
6 ஏப்ரல் 2025

ஜெனோவுக்கு,

நேற்று வந்துவிட்டுப் போனார்கள். கிதாரை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துப் போர்வையால் மூடியிருந்தேன். நீ சொன்ன நல்ல சேலையும் கட்டிக்கொண்டேன். முந்திரிக்கொத்தும் காப்பியும் கொடுத்தேன். ரெபேக்காளின் அம்மா பெர்சிஸ் நல்ல பொம்பிளை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மதினி, உங்க தங்கச்சியும் இங்கனதான் இருக்காங்களா?” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தத் தங்கச்சி?” என்று வாய்வரை வந்துவிட்டது.

“அந்தக் கிட்டார் வாசிக்காங்கள்லா, அவுங்கதான். மாப்பிள்ளை சொன்னாரு. அச்சு அசல் உங்கள மாதிரியே இருப்பாங்களாமே.”

அருமைநாயகம் அண்ணாச்சி காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நீ ஆமா போடச் சொல்லியிருந்தாய். போட்டேன்.

“ஆமா மதினி. ஆலங்குளத்துல இருக்கா.”

“கல்யாணத்துக்கு வருவாங்கல்லா?”

“இல்ல, எங்களுக்கும் அவளுக்கும் போக்குவரத்து கிடையாது. அவ கொஞ்சம் அப்படித்தான்.”

கடைசி வரியை நீ சொல்லித் தரவில்லை, நானாகவே சொன்னேன். என் அம்மா அப்பாவுக்கு நான் ஒற்றைப் பிள்ளை. இந்த வயதில் எனக்கு ஒரு தங்கச்சியைப் பெற்றுக் கொடுத்திருக்கிறாய். அவள் பிறந்த அன்றைக்கே அவளைக் கேவலமாகப் பேசியும் ஆயிற்று. அவர்கள் போன பிறகு போர்வையை எடுத்தேன். கிதாரைப் பார்க்கவே முகம் இல்லை. உன் மேல் வருத்தம் இருக்கிறது. ஆனால் அதைவிட என்னை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு வரவேண்டும் என்று எழுது.

சுகிர்தம்

*

சென்னை,
13 மே 2025

அம்மா,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். கீழே நீங்கள் ‘அம்மா’ என்று எழுதவில்லை என்பதை முதலிலேயே பார்த்துவிட்டேன்.

ரெபேக்காளின் அண்ணன் “யாரு மாப்ள இது?” என்று மறுபடி மறுபடி கேட்டபோது, “சித்தி” என்று வாயில் வந்துவிட்டது. முதலில் ஒரு வார்த்தைதான். பிறகு எந்த ஊர், என்ன வேலை என்று கேட்கக் கேட்க அது வளர்ந்தது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதையைச் சொல்லி ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவன் நான்.

போன ஞாயிறு பாளையங்கோட்டையில் அவர்கள் கோயிலில் எங்கள் கல்யாண ஓலையைக் கடைசித் தடவையாக வாசித்தார்கள். நானும் போயிருந்தேன். “இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல வேண்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்” என்று குருவானவர் நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அருமைநாயகம் சாரை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டேன்.

“சார், வீடியோல இருக்கது எங்க அம்மாதான்” என்றேன்.

“தெரியும்” என்றார்.

அவர் கோயிலில் வயலின் வாசிக்கிறவராம். நீங்கள் காப்பி கொடுக்கும்போதே உங்கள் இடது கை விரல் நுனிகள் காய்த்திருப்பதைப் பார்த்துவிட்டாராம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உங்க அம்மா வாசிக்கதுல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. எம்மவ அதை நூறு தடவை பாத்திருப்பா. பெத்தவளையே இல்லைன்னு சொன்ன பயலுக்குப் பொண்ணக் குடுக்கலாமான்னுதான் நானும் அவ அம்மையும் தூங்காம கெடந்தோம். ஓலை வாசிச்சு முடியுததுக்குள்ள வாயத் தெறப்பேன்னு பாத்தேன். முடிஞ்ச பொறவுல்லா தெறந்திருக்க” என்றார்.

முடிவை மகளிடமே விட்டுவிட்டாராம். ரெபேக்காள் என்னோடு பேசவில்லை. எனக்குத் தரையைப் பார்த்துத்தான் நடக்க வருகிறது. அவள் உங்களிடம் ஏதாவது கேட்டால், எனக்காக ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள் அம்மா. இப்போதும் கேட்கிறேன் பாருங்கள்.

ஜெனோ

*

மேலகரம்,
27 மே 2025

என் மகன் ஜெனோவுக்கு,

கல்யாணத்தைத் தள்ளி வைத்த செய்தி உனக்கு வந்திருக்கும். அதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை. அதை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ரெபேக்காள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். “அத்தை, வாசிங்க, கேக்கணும்” என்றாள். போர்வையை எடுத்து வாசித்தேன். கை முதலில் ஓடவில்லை, பிறகு ஓடியது. சின்னப் பிள்ளை மாதிரி ஸ்பீக்கர் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் தோசை சுட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்துதான் கேட்டாள்.

“அவரு பயந்துபோய் இந்த ஒரு தடவைதான் அப்படிச் சொல்லிட்டாரா அத்தை? இல்ல, முன்னாலயும் சொல்லியிருக்காரா?”

நீ எட்டாம் வகுப்பு படித்தபோது உன் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு நான் நடுவராக வந்தேன். டிராக் சூட்டும் விசிலுமாக நின்றேன். உன் சிநேகிதன் ஒருவன், “ஏலே, அந்த டீச்சர் யாருலே?” என்று கேட்டான். “எங்க தெருல இருக்காங்க” என்று நீ சொன்னாய். நான் பந்தலுக்குப் பின்னால்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குக் கேட்டது என்று இன்றுவரை உனக்குத் தெரியாது. அன்று ராத்திரி உனக்குப் பிடித்த முட்டைக் குழம்பு வைத்தேன்.

‘இல்லைம்மா, இதுதான் முதல் தடவை’ என்று சொல்லியிருந்தால் நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம். நீ அதைத்தான் கேட்டிருந்தாய். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளை என் கை விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்காக ஒரு தடவை பொய் சொல்லி ஒருத்தியைக் கேவலப்படுத்திவிட்டேன். இன்னொருத்தியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. “முன்னாலயும் சொல்லியிருக்கான்” என்றேன். பெற்றவள் செய்கிற காரியமா இது என்று நாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் அழவில்லை. “தேதியத் தள்ளி வைக்கச் சொல்லப் போறேன் அத்தை. நிறுத்தச் சொல்லல. அவரு மாறுதாரான்னு பாக்கணும்” என்றாள். தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன்.

மழை முந்திக்கொண்டது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது. லாட்ஜில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டோம். இப்போது ஜன்னல்களைத் திறந்து வைத்துத்தான் வாசிக்கிறோம். சீசனுக்குக் குற்றாலத்தில் நடத்துகிற சாரல் விழாவில் எங்களுக்கும் அரை மணி நேரம் தருகிறார்களாம். ஹுஸைஃபா போய்ப் பேசிவிட்டு வந்தான். ரெபேக்காள் வருகிறேன் என்றிருக்கிறாள், முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொன்னேன்.

நீயும் வா. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார். கூட்டத்தில் எவனாவது “அது யாருலே?” என்று கட்டாயம் கேட்பான். நீ என்ன சொல்கிறாய் என்பது அவளுக்குக் கேட்கும். இந்தத் தடவை நான் மேடையில் நிற்பேன், எனக்குக் கேட்காது.

உன் அம்மா,
சுகிர்தம்