இருநூற்றுப் பன்னிரண்டு முத்திரைகள்

நவம்பர் 9, திங்கள். காலை 250.

தினமும் காலையில் என் மகள் சயோ மூச்சளவுக் குழாயில் ஊதுகிற எண்ணை ஆஸ்துமாக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அவளுடைய பதினொரு வயதுக்கு 280 வந்தால் நிம்மதி. 140-க்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ். எண்ணுக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஆறு வருடமாக அதில் 'இருமல்', 'மழை' என்று எழுதி வந்திருக்கிறேன். இன்று எனக்குக் கட்டம் போதவில்லை. அதனால் இந்தத் தனி நோட்டு.

மாநகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இருபது வயதுவரை நகரம் ஏற்றுவந்த மருத்துவச் செலவு மார்ச் 31-உடன் நிற்கிறதாம். காரணம்: 'மற்ற நோயுள்ள பிள்ளைகளோடு சமநிலை பேணுதல்.' அப்படியானால் அவர்களுக்கும் கொடுங்களேன்! இவளிடமிருந்து பிடுங்குவதற்குப் பெயர் சமநிலையா?

வீட்டுக் கூரைக்கு மேலே விரைவுச்சாலை. அதைத் தாண்டினால் உருக்காலை. இரண்டையும் இங்கே கொண்டுவந்து வைத்தது சயோ இல்லை.

நவம்பர் 11. 245.

நான் வேலை செய்யும் சலவைக் கடையில் இன்று மூன்று பேர் என்னோடு சண்டை. மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் கரிப்பொடி, நான் சரியாக எடுக்கவில்லையாம். சட்டைக்காக இவ்வளவு கத்துகிறவர்கள் பிள்ளைகளுக்காகவும் கத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனு ஒன்று எழுதப்போகிறேன்.

நவம்பர் 15, ஞாயிறு. 250.

மனுவை எடுத்துக்கொண்டு குடியிருப்போர் சங்கத் தலைவர் கபுராகியின் வீட்டுக்குப் போனேன். வாசலோடு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளே கூப்பிட்டு தேநீர் கொடுத்தார்.

"சயோ அம்மா, இருநூறு வீட்டுப் படியையும் ஏறி இறங்கப் போறீங்களா? சுற்றுப்பலகை எதுக்கு இருக்கு?"

"சங்கத்துப் பலகையில மனுவெல்லாம் போடலாமா, தலைவரே?"

"குழந்தைங்க விஷயத்துக்கு யாரு வேண்டாம்பாங்க? பேர்ப் பட்டியல் அச்சடிச்சே இருக்கு. பக்கத்துல முத்திரை குத்தினாப் போதும். யாருக்கும் கை வலிக்காது."

குப்பை எடுக்கும் நாள், தீயணைப்புப் பயிற்சி, காணாமல் போன பூனை எல்லாம் அந்தப் பலகையில்தான் வீடு வீடாகப் போகும். படித்துவிட்டுத் தன் பெயருக்குப் பக்கத்தில் குடும்ப முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுவோம். எனக்கு இது தோன்றவே இல்லையே! பட்டியலுக்கு மேலே 'இம்மனுவை ஆதரிக்கிறோம்' என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். அந்த மனுஷன் எவ்வளவு நல்லவர்.

நவம்பர் 27. 260.

பலகை எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்களுக்கு முன்னால் பதினான்கு வீடு, பதினான்கு சிவப்பு வட்டம். முத்திரையைச் சயோவே குத்தினாள். மை காய ஒரே ஊது ஊதினாள். "இது எத்தனை வரும்மா? 300?" என்று சிரித்தாள். பக்கத்து வீட்டு நுகுயியின் கதவில் அவளே ஓடிப்போய் மாட்டிவிட்டு வந்தாள். ஓடினாள், இருமவில்லை.

டிசம்பர் 8. 255.

வரிசைக்கு ஒன்றாகச் சுற்றிய எல்லாப் பலகையும் திரும்பி வந்துவிட்டன. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, இருநூற்றுப் பன்னிரண்டு முத்திரை. ஒரு வீடு விடவில்லை! சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தெருவைப் பற்றி எத்தனை நாள் எவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறேன். ஒரு முழு ஸ்ட்ராபெரி கேக் வாங்கி வந்தேன். லாரியை விட்டுவிட்டு வந்த என் கணவர் தெத்சுரோ, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

டிசம்பர் 14. 250.

மாமன்ற அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன். எழுத்தர் இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கினார். பட்டியலைப் புரட்டியபோது அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.  ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 20, புதன். 235.

மாமன்றத்தின் நலக்குழுக் கூட்டம். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். நாலரை நிமிடத்தில் நடுங்காமல் பேசி முடித்தேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, ஒரு சின்னச் சந்தேகம். இது சுற்றுப்பலகைப் பட்டியல்தானே?"

"ஆமாங்க."

"சுற்றுப்பலகையில முத்திரை குத்துறது எதுக்கு?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. 

"பாத்தாச்சுன்னு காட்டுறதுக்கு. அவ்வளவுதான், இல்லையா? உங்க தெருவுலேர்ந்து ஒன்பது பேர் போன் பண்ணாங்க. 'நாங்க பாத்தோம்னுதான் குத்தினோம், எங்களை இதுல சேக்காதீங்க'ன்னு."

யாரோ சிரித்தார்கள். சத்தமாக இல்லை, மூக்கால்.

பிறந்ததிலிருந்து பலகையில் முத்திரை குத்துகிறேன். பூனை காணோம் என்ற காகிதத்தில் குத்தியபோது நான் என்ன பூனையைத் தேடவா ஒப்புக்கொண்டேன்? எப்படிடீ மறந்தே? ஒரு காகிதத்தை மேலே ஒட்டிவிட்டால் நாற்பது வருஷப் பழக்கம் மாறிவிடுமா? முட்டாள். மகா முட்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

ஜனவரி 21. 230.

கபுராகி வீட்டு வாசல். இன்று தேநீர் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்ல, தலைவரே? அன்னைக்கே தெரியும்ல?"

"சயோ அம்மா, நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா நீங்க வீடு வீடாப் போயிருப்பீங்க. அவங்க முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லணும். உங்களுக்கும் சங்கடம், அவங்களுக்கும் சங்கடம். இப்ப பாருங்க, யார் மனசும் புண்படல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உதவி செய்தவன் சொல்கிற மாதிரியே சொன்னான். 

ஜனவரி 31, ஞாயிறு. 225.

வீடு வீடாகப் போகிறேன். இந்தத் தடவை பேனாவோடு. நேராகப் பார்த்து முடியாது என்று சொல்லட்டும்.

எதிர்வீட்டுக் கிழவர்: "நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப இதவிடப் பத்து மடங்கு புகை. செத்தா போயிட்டோம்?" செத்தவர்கள் வந்து பதில் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம்.

மூலை வீட்டு மருமகள்: "உங்க வீட்டுக்காரரே டீசல் லாரிதானே ஓட்றாரு?" என்று இனிமையாகக் கேட்டுவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

நுகுயி வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. அவள் மகனும் அதே டாக்டரிடம்தான் போகிறான், அதே இன்ஹேலர். மருந்துக் கடையில் நான்கு வருடமாக ஒருவரையொருவர் பார்க்காதது போல நிற்கிறோம்.

"உங்க பையனுக்கும்தானே நிக்கப்போகுது?"

"மெதுவாப் பேசுங்களேன்! அவனுக்கு இருக்குன்னு தெருவுக்கே தெரியணுமா? நாளைக்கு அவன் ஒரு வேலைக்குப் போக வேண்டாமா?"

அந்த ஒன்பது போனில் ஒன்று நீதானா என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

பிப்ரவரி 14, ஞாயிறு. 230.

முப்பத்தொரு கையெழுத்து. அதில் தெத்சுரோவின் பெயர் இல்லை.

"ஏங்க, நீங்களுமா?"

"கம்பெனி மனு எல்லாத்தையும் படிக்குது, கனாயே. புகைன்னு எழுதியிருக்கே. லாரின்னும் எழுதியிருக்கே. நான் கையெழுத்துப் போட்டா மறுநாள் வண்டிச் சாவி கிடைக்காது."

"அவ உங்க பொண்ணு."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் சொல்வதும் தப்பில்லை. அது தெரிந்தும் தட்டைத் தொட்டியில் போட்டு உடைத்தேன். சயோ வந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

பிப்ரவரி 26. 225.

மாமன்றத்தில் மனுவை நிராகரித்துவிட்டார்கள். எழுந்து நின்று வாக்களித்தார்கள், கால் நிமிடம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 4. 240.

புது மாதம், புதுக் கட்டணம். மருந்துக் கடைப் பெண் தொகையை வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டினாள். என் மேல் இரக்கமாம்.

காலை மாலை இருவேளை இன்ஹேலரைக் காலை மட்டும் என்று ஆக்கினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. இந்த மாதம் மட்டும், கடையில் கூடுதல் நேரம் கிடைக்கும்வரை. 240 இருக்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறாள்? — இதை எழுதும்போது எதிர்வீட்டுக் கிழவரின் குரல் கேட்கிறது. நானும் அவர்களைப் போலவே பேசப் பழகிவிட்டேன்.

ஏப்ரல் 19. 205.

மழை. இருமல்.

ஏப்ரல் 30. 210 என்று எழுதியிருக்கிறது.

அது என் கையெழுத்து இல்லை. கேட்டேன். "நீ தூங்கிட்டு இருந்தேம்மா, நானே ஊதி நானே எழுதினேன்" என்றாள். மறுபடி ஊதச் சொன்னேன். 170.

"ஏன்டீ பொய் எழுதினே?"

"நெஜத்த எழுதினா நீ மருந்து வாங்கப் போவே. அப்புறம் அப்பாவும் நீயும் சண்ட போடுவீங்க."

மாலையே இருவேளையாக்கினேன். இன்னும் எத்தனை நாள் எண்ணைக் கூட்டி எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. அடிக்கக் கை ஓங்கியது நான்தான். யாரை அடிக்க வேண்டும்? இந்தப் பொய்யை ஆரம்பித்தது யார்?

மே 9. எண் இல்லை.

ஊத முடியவில்லை. நேற்று விடியற்காலை உதடு நீலமாகி உட்கார்ந்தபடியே கிடந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. தூக்கிக்கொண்டு இறங்கும்போது தெருவில் ஜன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு தூங்குகிறாள். இருவேளை மருந்தை இடையில் ஒருவேளையாகக் குறைத்தது யார் என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மே 15. 150.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மே 23, ஞாயிறு. 145.

சுற்றுப்பலகை வந்தது. மேலே கபுராகியின் அழகான கையெழுத்து:

'விடியற்காலையில் ஆம்புலன்ஸ் அழைப்போர், தெருமுனையிலேயே சைரனை நிறுத்தும்படி அழைக்கும்போதே கேட்டுக்கொள்ளவும். அக்கம்பக்கத்தாரின் உறக்கத்தை மதிப்போம்.'

பெயர் போடவில்லை. மரியாதை தெரிந்தவர்கள். இந்த வருடம் இந்தத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் ஒருமுறைதான் வந்தது.

எங்களுக்கு முன்னால் பதினான்கு முத்திரை, ஒன்று விடாமல்.

சயோ என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். பலகையை மறைக்க எனக்கு நேரமில்லை.

"அம்மா, இது நான்தானே?"

"இல்ல. பொதுவாப் போட்டது."

"பரவால்லம்மா. அடுத்த தடவ சத்தமில்லாம வாங்கன்னு நானே போன்ல சொல்லிடறேன்."

"மூச்சே விட முடியாதப்போ எப்படிடீ சொல்லுவே?"

 அவள் போய் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். 'தயவுசெய்து சைரன் வேண்டாம்.' கீழே எங்கள் முகவரி. எனக்கு அதைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. அவள் அவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்ததால் கிழிக்கவில்லை.

பலகையைத் திருப்பி அனுப்பினால் என்ன? முத்திரை குத்தாமல் விட்டால்? பதினைந்தாவது கட்டம் மட்டும் காலியாக இருந்தால் யாருடைய வீடு என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அந்தக் காலிக் கட்டத்தில் எல்லோர் கண்ணுக்கும் சயோதான் நிற்பாள், நான் இல்லை. முத்திரையை எடுத்துக் குத்தினேன். பார்த்தேன் என்றுதானே அர்த்தம். நானும் பார்த்தேன்.

"நான் ஊதறேன்" என்று சயோ பலகையை வாங்கிக்கொண்டாள். ஊதினாள். நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி ஊதினாள். மை காய மூன்று தடவை ஊத வேண்டியிருந்தது.

பலகையை நுகுயி வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன்.