ஜீப்புக்கு எடை

9-1-69, வியாழன்
இன்றும் காந்தாவைத் தென்னேரி வைத்தியரிடம் கூட்டிப்போய் முதுகுக்கட்டு மாற்றி வந்தேன். வாரம் ஒருநாள் வீட்டுக்காரியை ஜீப்பில் கொண்டுபோய் வா என்று முதலாளி தணிகாசலம் சொல்லியிருக்கிறார். அவருக்கு மனசு உண்டு. ஜீப்புக்குத்தான் இல்லை. முன்னால் இந்த வண்டியை வைத்திருந்த வெளிநாட்டுக்காரன், கனத்த பாறைக்கருவி ஏற்றினால் குலுக்கல் தாங்க மாட்டிய ஷாக். உள்ளே எண்ணெயும் நைட்ரஜன் கேசும் முட்டிக்கொண்டு நிற்கிறது. காலி வண்டியில் போனால் அது அமுங்காது, ஏரிக்கரைப் பள்ளம் எல்லாம் அவள் முதுகுக்கே வந்து சேருகிறது. முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாமா, புடவை ருசியா இருக்குதா?" என்றேன். சிரித்தாள்.

16-1-69
காணும் பொங்கல். ஏரி பார்க்கத் தெரு மொத்தமும் ஜீப்பில் தொற்றிக்கொண்டது. வடிவக்கா ஏறியதுமே வண்டி பணிந்து உட்கார்ந்தது. பாரம் ஏறினால் இந்த ஷாக் பூப்போல ஓடுகிறது! காந்தா முந்தானையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

23-1-69
"வடிவக்கா, நீ தின்ன சோத்துக்கு இன்னிக்குத்தான் வேலை வந்துகிது, ஏறு" என்றேன்.

"உன் வாய்ல தறிக்கட்டையை வெக்க" என்று ஏறிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கைலாசமும் தறியை விட்டு வந்தான். வைத்தியரிடம் போய் வரும் வழியெல்லாம் காந்தாவுக்கு வலி இல்லை.

27-1-69
முனிசிபல் தேர்தலுக்கு முதலாளி நிற்கிறார். எதிர்த்து நிற்பது எங்கள் தெரு வேலாயுதம்.

30-1-69
யாரும் வரவில்லை. கைலாசம் வாசலிலேயே சொல்லிவிட்டான்: "அந்தாளு ஜீப்புல குந்திக்கினு போனா தெருவுல எப்படிப்பா தலைகாட்டுறது?"

நான் ஏதோ கிண்டல் செய்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மணல் மூட்டை ஏற்றினேன். முதலாளி பார்த்துவிட்டு, "ஓட்டு கேக்குற வண்டிடா இது" என்று இறக்கச் சொன்னார். காலி வண்டி. வரும்போது காந்தாவின் முந்தானை கிழிந்திருந்தது.

5-2-69
ஷாக் நாலையும் துடைத்து எண்ணெய்க் கசிவு பார்த்தேன். இல்லை. வால்வு மூடியைக் கழற்றி ஊசியால் அழுத்தினேன். புஸ்ஸென்று கொஞ்சம். இன்னும் கொஞ்சம். விட்ட கேசை மறுபடி ஏற்ற மெட்ராஸ்தான் போகணும், டயர் பம்பெல்லாம் ஆகாது. தெரிந்துதான் விட்டேன். முதலாளியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் விடச் சொல்வாரா?

6-2-69
காந்தா ஜீப்பில் தூங்கிவிட்டாள்.

9-2-69, ஞாயிறு
நாசமாப் போச்சு. பிள்ளையார்பாளையத்தில் கூட்டம். ஆள் மேல் ஆளாக ஏறிக்கொண்டார்கள். எறங்குய்யா எறங்குய்யான்னு அடிச்சிக்கினேன், யார் கேட்டா? முதலாளி நின்றுகொண்டே மைக்கில் பேசிவந்தார். ஒரு பள்ளம். கேஸ் போன ஷாக்கில் தாங்க ஒன்றும் இல்லை, டங்கென்று அடியோடு இடித்தது. மைக் அவர் பல்லில் பட்டு ரத்தம். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

10-2-69
ஷாக்கில் கேஸ் இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். "உன் தெருக்காரனுக்காகத்தானே கேசை எறக்குன?" என்றார் முதலாளி, வாயில் துணியோடு. என் வீட்டுக்காரிக்காக என்றேன்.

"பொண்டாட்டி முதுகைக் காட்டிப் பொய் சொல்றியா? சாவியை வெச்சிட்டுப் போ."

வைத்தேன்.

11-2-69
வேலாயுதம் எனக்கு மாலை போட்டார். வடிவக்கா வடை கொண்டுவந்தாள். "நம்ம தெரு மானத்தைக் காப்பாத்திட்டபா" என்றான் கைலாசம். அவனிடமும் சொன்னேன், காந்தாவுக்காக என்று. கண்ணடித்துவிட்டு, "அப்படியே எல்லார்கிட்டயும் சொல்லு" என்றான். என் வாயில் இதுவரை நிஜம் வந்ததில்லையோ என்னவோ.

20-2-69, வியாழன்
வேலாயுதம் ஜெயித்துவிட்டார். வைத்தியரிடம் போக மாட்டுவண்டி பிடித்தேன். காலையில் வாசலில் வடிவக்கா, கைலாசம், இன்னும் நாலு பேர், எல்லோரும் கூட வரத் தயார்.

"மாட்டு வண்டிக்கு எடை வேணாம்பா, போய் நெய்யுங்க" என்றேன். நல்ல கிண்டல் என்று சிரித்தார்கள்.

தெருமுனை திரும்பும் முன்பே காந்தா முந்தானையைச் சுருட்ட ஆரம்பித்தாள். மாட்டை மெல்ல ஓட்டச் சொன்னேன்.