கல்வாழையில் ஒரு பங்கு

ஜூன் 3
கல்வாழை இந்த வருடம் வெறும் இலையாக நிற்கிறது. பூ இரண்டே இரண்டு. நர்சரிக்காரர், "ஒரே குழியில நெருக்கியடிச்சுக் கிடந்தா எப்படிப் பூக்கும்? கிழங்கைப் பிரிச்சு வைங்க" என்றார். என் ஓரகத்தி, மூத்தவள், பக்கத்தில்தான் நின்றாள். "எங்களையும் அதுக்குத்தான் பிரிக்கிறாங்க" என்று அவரிடம் சொல்லிச் சிரித்தாள். வீடு போதவில்லையென்று அவள் குடும்பம் பதினைந்தாம் தேதி ஃப்ளாட்டுக்குப் போகிறது.

ஜூன் 10
இன்று தோண்டினோம். பதினொரு வருடம் ஒரே அடுப்படியில் சண்டை போட்டது போதாதென்று, ஒரு கிழங்குக்கு ஒரு மணி நேரம். முளைக்கண் நிறைய உள்ள துண்டை அக்கா என் பக்கம் தள்ள, நான் அவள் பக்கம் தள்ள... "பாகப்பிரிவினைக்கு வக்கீல் வைக்கணும்போல" என்றார் என் கணவர். கடைசியில் அதை வம்படியாக அவள் தொட்டியில் நட்டுவிட்டேன்.

ஜூன் 15
போய்விட்டாள். கையசைக்கக்கூட இல்லை, மடியில் தொட்டி.

ஜூன் 17
அடுப்படி முழுக்க எனக்கே. இதுக்குத்தானே ஆசைப்பட்டே? ஆமாம், பட்டேன். இப்ப உப்புப் பார்க்க ஆளில்லை. இனி கல்யாணம், சாவு என்றால்தான் பார்த்துக்கொள்வோமோ? பயமாத்தான் இருக்கு.

ஜூன் 28
என் துண்டுகளில் மூன்று முளைத்துவிட்டன. போனில் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் வரலடி. தினமும் தோண்டித் தோண்டிப் பாக்கறேன்" என்றாள். தினமுமா! அடுப்பில் எது இருந்தாலும் நிமிடத்துக்கொரு தடவை மூடியைத் திறப்பவள். கிழங்கு மட்டும் தப்புமா?

ஜூலை 4, சனி
தொட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கிழங்கு பாதி அழுகல். அழுகியதை வெட்டி எறிந்து, மிச்சத்தைப் புது மண்ணில் வைத்தோம். "இங்கயே இருக்கட்டும். என் கை சும்மா இருக்காது. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பாத்துக்கறேன், முளைச்சதும் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

ஜூலை 11
வந்தாள். தோண்ட விடவில்லை. முறைத்தாள்.

ஜூலை 21
அவள் தொட்டியில் முளை. போனில் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 24
சொல்லவில்லை. வெட்கங்கெட்டவள் நான்.

ஆகஸ்ட் 8
இரண்டு சனிக்கிழமை வர முடியாதவள் இன்று வந்தாள். வெயில் சாயும்வரை பேசினோம். பாதி அவள் எதிர்வீட்டுக்காரியைப் பற்றி, மீதி எங்கள் கணவன்மார்களைப் பற்றி. கிளம்பும்போது தொட்டி முன்னால் நின்றாள். இலை ஒரு சாண் உயரம். எனக்குத் திக்கென்றது. குனிந்து, நன்றாகவே பார்த்தாள்.

"இன்னும் முளைக்கலடி. அடுத்த சனிக்கிழமை வந்து பாக்கறேன்."

"ஆமாக்கா, முளைக்கவே இல்ல" என்றேன்.