மொத்தத்துக்கு முதலில் கை தூக்கியவர்கள்

மதினி,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் போனேன். வழியில் புதிதாகச் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சூடான தார் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தார் மணக்குது, எலெக்சன் வருது" என்று மூக்கை உறிஞ்சிக் காட்டுவீர்களே! பக்கத்து இருக்கைக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் என்னைத் தனியாகச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நாம் இருவரும் ஒரே தேர்தலில் பேரூராட்சிக் கவுன்சிலர் ஆனோம். நீங்கள் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. ஆனால் என் ஒன்றுவிட்ட அண்ணனைக் கட்டியவர் என்பதால் கூட்டத்திலும் எனக்கு நீங்கள் மதினிதான்.

அப்போதெல்லாம் பட்ஜெட் கூட்டம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஒருவர் சிமெண்டு ரோடு கேட்பார், இன்னொருவர் தண்ணீர்த் தொட்டி கேட்பார். மற்றவர் கேட்டதற்கு மறுப்புச் சொன்னால் நம்முடையதற்கு யார் கை தூக்குவார்கள்? அதனால் எல்லாவற்றுக்கும் எல்லோரும் கை தூக்கினோம். வரவு எவ்வளவு என்று கடைசியில்தான் பார்ப்போம். அது எப்போதும் பற்றாது. ஒரு வருடம் கரண்ட் பில் கட்ட முடியாமல் தெருவிளக்குகள் அணைந்தன. துப்புரவுப் பணியாளர்கள் சம்பளம் வராமல் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் நாம் உள்ளே போனோம்.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்தீர்கள்.

"தலைவரே, மொத்தம் எம்புட்டு செலவழிக்கலாம்னு மொதல்ல கை தூக்குவோம். சம்பளமும் கரண்டும் எடுத்து வச்சிட்டு, மிச்சத்தைப் பொறவு பிரிச்சுக்கிடுவோம். கூடக் கேக்கிறவங்க எந்த வேலையைக் குறைக்கணும்னு அவங்களே சொல்லணும்."

எல்லோரும் சந்தோஷமாகக் கை தூக்கினோம். அந்த விதி தன்னைக் கடிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. முதலில் மாட்டியது நான்தான். என் தெருமுனையில் அலங்கார வளைவு கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குக் கூடுதல் பணம் கேட்டேன்.

"சரி, எதைக் குறைக்க?" என்று கேட்டீர்கள்.

எனக்குக் கோபம். "ஒங்க வார்டு சாக்கடை வாறுகாலை."

நீங்கள் சிரித்தீர்கள். "குறைச்சுக்கோ. ஆனா எங்க தெருவுக்கு வந்து நீயே சொல்லிட்டுப் போ, ஏட்டி."

வீம்புக்கு வந்தேன். வாறுகால் நிரம்பிச் சாக்கடைத் தண்ணீர் பால்வாடி வாசல்வரை நின்றது. குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எதுக்கு வந்தீக?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். "இந்த வருசம் ஒங்களுக்கு வாறுகால் உண்டு" என்றுதான் வந்தது! சந்தோஷத்தில் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். திரும்பும் வழி முழுவதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க தெருவுல என்னத்தச் சொல்ல?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"வா, நானும் வாரேன்."

எதிர்க்கட்சி வார்டில் வந்து என்னோடு சேர்ந்து வசவு வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான். "வளைவு இல்லைன்னா ஓட்டும் இல்லை" என்று எங்கள் தெருப் பெரியவர் கத்தினார். "இல்லைன்னா போகுது. வெளக்கு எரியுதா, அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து காபி கேட்டீர்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கச் சொன்னார். அந்த வருடம் சம்பளம் தேதி தவறாமல் போனது. அடுத்த தேர்தலில் அந்தப் பெரியவர் எனக்குத்தான் ஓட்டுக் கேட்டு அலைந்தார்.

மதினி, இப்போது தலைவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். வரும் வாரம் பட்ஜெட் கூட்டம். இப்போதே வீட்டு வாசலில் செருப்புகள் குவிகின்றன. "இந்த ஒரு தடவை மட்டும்" என்று ஒவ்வொருவரும் கெஞ்சுகிறார்கள். அந்த விதி தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் படிக்கலாம். ஒருவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் மனம் விட்டுப் போகாதபடி அவரோடு உட்கார்ந்திருக்கும் துணிச்சல் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இன்னும் என்னிடமே இருக்கிறது.