கன்னத்து எலும்பில் உன் பேச்சு

உர்கெஞ்ச்
ஏப்ரல் 4

என் கண்ணான மகள் ஓய்ஜமாலுக்கு, அம்மா பிபிஜோன் எழுதுவது. இஞ்சியோனில் நீ நல்ல உடம்போடும் நிறைந்த வயிற்றோடும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், இங்கே நானும் உன் அண்ணன் மத்நியாஸும் அண்ணி இன்திஸோரும் குறையில்லாமல் இருக்கிறோம். என் காறை எலும்பு கூடிவிட்டது. போன வாரம் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னிடம் படித்த பெண்தான், "டீச்சர், இந்த எலும்புக்கு உங்களைவிடப் பிடிவாதம் ஜாஸ்தி, ஆனா கூடிருச்சு" என்றாள். வலது கை தோளுக்கு மேல் முழுசாகப் போகவில்லை, அவ்வளவுதான் குறை. ரொட்டியைத் தந்தூரில் இடது கையால் ஒட்டப் பழகிக்கொண்டேன், முதல் வாரம் பாதி ரொட்டி சாம்பலில் விழுந்தது, இப்போது விழுவதில்லை. வாதுமைப் பிஞ்சு பிடித்திருக்கிறது. உனக்காக உலர்த்திப் பின்னிய முலாம்பழக் கீற்றும் இந்தக் கடிதமும் இன்திஸோரின் சித்தி மகளிடம் வருகின்றன, அவள் வியாழக்கிழமை கிளம்புகிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசியில் நான் சைக்கிளிலிருந்து விழுந்த நாள் முதல் நீ எனக்கு ஒரு குரல் செய்திகூட அனுப்பவில்லை. அதற்கு முன் நான்கு வருஷமாக வாரத்துக்கு மூன்று வரும், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், பஸ்ஸில் வந்த கிழவியிலிருந்து ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடிக் குழாய் வரைக்கும் எல்லாம் இருக்கும், நான் வாய்க்கால் கரையில் சைக்கிள் மிதித்துக்கொண்டே கேட்பேன். இப்போது எழுத்தில் இரண்டு வரி வருகிறது, "நலம் அம்மா, வேலை அதிகம்" என்று. நான் போன் செய்தால் மூன்று நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தேன், இனி பொறுப்பதாக இல்லை. உன் பேச்சை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவுகட்டித்தான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன். போனில் ஏன் சொல்லவில்லை என்றால், சொல்ல வேண்டியதில் பாதி எனக்கு வெட்கமான சங்கதி, வாயால் சொன்னால் நடுவில் சிரித்து மழுப்பிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

ஜனவரியில் நீ அனுப்பிய பெட்டி வந்தது. உள்ளே ஒரு கறுப்பு வளையம், உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு, "காதை அடைக்காது, எலும்பு வழியாகக் கேட்கும்" என்று மட்டும். ஹெட்ஃபோன் என்றால் காதில் சொருகுவது என்றுதானே நமக்குத் தெரியும், நான் தலைத்துணிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன், வண்டு முனகுகிற மாதிரி ஏதோ வந்தது, அவ்வளவுதான். மத்நியாஸ் பார்த்துவிட்டு, "கொரியாவிலேர்ந்து ஊமைச் சாமான் அனுப்பியிருக்கா உங்க பொண்ணு" என்றான். இன்திஸோர்தான் கூடவந்த படத்தைப் பார்த்து, என் துணியை அவிழ்த்து, காதுக்கு முன்னால் கன்னத்து எலும்பில் வைத்து, அதற்கு மேல் துணியைக் கட்டிவிட்டாள். உன் பழைய செய்தி ஒன்றைப் போட்டாள். ஓய்ஜமால், நீ என் தலைக்குள்ளேயே உட்கார்ந்து பேசினாய், அதே நேரம் அடுப்பில் சூப் கொதிக்கிற சத்தமும் பக்கத்து வீட்டு மாடு கத்துவதும் சுத்தமாகக் கேட்டன. தாழ்ந்த ஒலி வந்தால் தாடை கூசுகிறது, எதிர்க்காற்றில் போனால் பேச்சு கொஞ்சம் அமுங்குகிறது, லாரி பக்கத்தில் வந்தால் நீ மறைந்துபோய் லாரிதான் கேட்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும், அதுதானே இதன் நல்ல குணம். வியர்வையைத் துடைத்துவிட்டுத்தான் சார்ஜில் போடுகிறேன், கவலைப்படாதே.

என்னிடம் உன் பழைய செய்திகள் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன, ஒன்றையும் அழிக்கவில்லை. ஆனால் சைக்கிளை மத்நியாஸ் கிடங்கில் போட்டுப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அதனால் வளையத்தை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். நீ ஒரு செய்தியில் நம் பச்சை நூடுல்ஸைப் பற்றி, "அம்மா, ஷிவித் ஓஷிக்குச் சதகுப்பையை உப்புப் போட்டு அரைக்கணுமா, சும்மா அரைக்கணுமா" என்று கேட்டிருக்கிறாய் அல்லவா, அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வாய் சும்மா இருக்காது, "உப்புப் போட்டு அரைடி, அப்பதான் பச்சை இறங்கும், எத்தனை தடவை சொல்றது" என்று உரக்கச் சொல்லிவிடுவேன். ஒருநாள் எதிர்வீட்டு அஞ்சிம் கேட்டுவிட்டாள். துணிக்குள் இருப்பது வெளியே தெரியாது, காதிலும் ஒன்றும் இல்லை, யாருமில்லாத தெருவில் நான் யாரையோ அதட்டுகிறேன். சாயங்காலம் இஸிரிக் செடியை ஒரு சட்டியில் கொளுத்தி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், கண்ணேறுக்கும் காற்றுக்கும் நல்லதாம். "பிபிஜோன், விழுந்ததுல தலையிலயும் அடிபட்டுச்சா, மறைக்காம சொல்லு" என்று என்னைச் சுற்றிப் புகை போட்டாள். நான் வளையத்தைக் கழற்றி அவள் கன்னத்தில் வைத்தேன். உன் குரல் கேட்டதும் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது ஓய்ஜமால், இவ எங்க இங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

சைக்கிளுக்காக மத்நியாஸிடம் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். இந்த மாதக் கடைசி ஞாயிறு பெண்கள் எல்லாரும் இங்கிருந்து கீவா வரை சைக்கிளில் போகிறோம், போக முப்பத்தைந்து கிலோமீட்டர், என்னிடம் படித்தவர்களே பதினான்கு பேர் வருகிறார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து மாவு பிசைவதா. அவன், "அம்மா, எலும்புன்னா மறுபடி மறுபடி ஒட்டிக்கிட்டே இருக்குமா, காதுல மாட்டிக்கிட்டு ஓட்டுறதே வேணாம்" என்றான். "காதுல இல்லடா, கன்னத்துல" என்றேன். கடைசியில் ஒரு பரீட்சைக்கு ஒத்துக்கொண்டான். வாய்க்கால் கரையில் நான் முன்னால் ஓட்ட வேண்டும், வளையத்தில் உன் பேச்சு ஓட வேண்டும், அவன் உங்கள் அப்பாவின் பழைய சைக்கிளிலும் இன்திஸோர் அவளுடையதிலும் பத்தடி பின்னால் வருவார்கள், அவன் மணியடித்தாலோ இருமினாலோ என்ன சத்தம் செய்தாலோ நான் இடது கையைத் தூக்க வேண்டும், ஒன்று தவறினாலும் சைக்கிள் கிடங்குக்குப் போய்விடும். போன ஞாயிறு காலையில் அது நடந்தது. மணிக்குத் தூக்கினேன், இருமலுக்குத் தூக்கினேன், அவன் வேண்டுமென்றே செருப்பைத் தரையில் தேய்த்தான், அதற்கும் தூக்கினேன். பாலம் தாண்டியதும் பின்னால் சத்தமில்லை, நான் அசந்த நேரம் பார்த்து ஏதாவது செய்வான் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். அப்போது இன்திஸோர் குரலைத் தாழ்த்திச் சொல்வது கேட்டது, "நீங்க ஓய்ஜமாலை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன் வாயாலதான் அம்மா விழுந்தாங்கன்னு சொன்னா எந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வாயைத் திறப்பா." மத்நியாஸ், "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கோவத்துல சொன்னது, இப்ப எப்படித் திருப்பி எடுக்கிறது" என்றான். என் கன்னத்து எலும்பில் நீ அதே நேரம் சதகுப்பையை உப்புப் போட்டு அரைக்கணுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். ஐந்து மாதமாக எனக்கு விளங்காதது அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. நான் இடது கையைத் தூக்கினேன். அவன் பதறி, "என்ன கேட்டுச்சும்மா" என்றான். "எல்லாம் கேட்டுச்சு" என்றேன்.

அவனைத் திட்டலாம் என்றுதான் பிரேக் பிடித்து இறங்கினேன். இறங்கியதும் அந்த எண்ணத்தை விட்டேன், ஏனென்றால் தப்பு அவனிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி. அக்டோபரில் நான் விழுந்த அன்றைக்கு உன் பேச்சு பாலத்திலேயே முடிந்துவிட்டது. "வைக்கிறேன் அம்மா, பத்திரமா வீட்டுக்குப் போங்க" என்று நீ சொன்னதுவரை கேட்டு முடித்தேன், மனசு அவ்வளவு நிறைந்திருந்தது, வீடு வர இன்னும் தூரம் இருந்தது. போனை எடுத்து நானே லாஸ்கி ஆட்டப் பாட்டைப் போட்டேன். உனக்குத் தெரியாததா, லாஸ்கி ஆரம்பித்தால் நம் ஊரில் தொட்டில் பிள்ளைக்குக்கூட முதலில் விரல் துடிக்கும், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் தோள். எனக்கு விரல் துடித்தது. கரையில் யாருமில்லை என்று நினைத்தேன். பழைய ஹெட்ஃபோன் காது இரண்டையும் அடைத்திருந்தது, பின்னால் பூசணிக்காய் ஏற்றிய வண்டிக்காரன் மூன்று தடவை ஹாரன் அடித்திருக்கிறான், பாவம், அவன் மேல் துளித் தப்பும் இல்லை. தாளம் வேகம் பிடித்ததும் உன் அம்மா, ஐம்பத்தெட்டு வயதில், ஹேண்டில் பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மேலே தூக்கித் தோளைக் குலுக்கினாள். வண்டி பக்கவாட்டில் வந்ததும் திடுக்கிட்டுக் கையைக் கீழே கொண்டுவருவதற்குள் பள்ளத்தில் கிடந்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சைக்கிள் கற்றுக்கொடுத்தவள், "ரெண்டு கையும் ஹேண்டில் பார்ல, கையை எடுத்தவ மைதானத்தை மூணு சுத்து ஓடு" என்று கத்தியவள் நான். ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போடுகிறவளும் என் மாணவி, அவள் முன்னால் மத்நியாஸ் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்கிறான். "ஓய்ஜமால் பேசிக்கிட்டிருந்தா, அதுல கவனம் போயிருச்சு" என்று சொல்லிவிட்டேன். சின்னப் பொய், யாரையும் சுடாது என்று நினைத்தேன். அது அவன் வாய் வழியாக இஞ்சியோன் வரை போய் உன் தொண்டையை அடைத்திருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து மகள் மாறிவிட்டாள், அந்த ஊர் அவளை மாற்றிவிட்டது என்று உன்மேலேயே மனத்தாங்கல் வைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடு மகளே. நீ என்னைத் தள்ளவில்லை. உன் பேச்சு ஒருநாளும் என்னைத் தள்ளாது. விழுந்தவள் நானாக விழுந்தேன், என் இரண்டு கையையும் நானே எடுத்தேன்.

மத்நியாஸுக்கு அங்கேயே கரையில் வைத்து எல்லாம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை, "சைக்கிள்லயா, லாஸ்கியா, நீங்களா" என்றான். சைக்கிளை இன்திஸோரிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆடிக் காட்டினேன், வலது கை தோளோடு நின்றுவிட்டது. இன்திஸோர் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே இருந்தவன் தலையைக் கவிழ்த்துச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். வீட்டுக்கு வந்து என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டு, சாவியைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் சார்பில் இதில் நான் மன்னிப்பு எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், தங்கச்சிக்கு அவனே தன் குரலில் சொல்லட்டும். அவன் பேசத் தெரியாமல் மென்று முழுங்குவான், நீ கொஞ்சம் பொறுத்துக் கேள். ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குப் பெயர் எழுதுகிற பெண்மணி காதில் எதுவும் இருக்கக் கூடாது என்றாள். துணியை விலக்கி இரண்டு காதையும் காட்டினேன், எட்டிப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டாள்.

அங்கே ராத்திரி வேலை முடிந்து வெறும் நூடுல்ஸில் படுத்துவிடாதே, முட்டையாவது உடைத்துப் போடு, குளிர் போய்விட்டது என்று சாக்ஸைக் கழற்றிவிடாதே. அல்லா உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனிதர்களின் துணையும் தரட்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஞாபகம் வைத்துக்கொள், சவாரி இருபத்தாறாம் தேதி, கீவாவுக்கு என் வேகத்தில் இரண்டரை மணி நேரம் ஆகும், அவ்வளவுக்கும் பேச்சு வேண்டும், பழையது எதையும் நான் போடப்போவதில்லை. ஆய்வகம், பஸ் கிழவி, உன் கோபம், எதுவானாலும் பேசு, என்னைத் திட்ட வேண்டியிருந்தால் முதல் பத்து கிலோமீட்டரில் திட்டிவிடு. உன் பேச்சு வராமல் நான் பெடலில் கால் வைப்பதில்லை, என்னிடம் படித்த பதினான்கு பேரும் எனக்காக நின்றாலும் சரி.

இப்படிக்கு,
இரண்டு கையும் ஹேண்டில் பாரில் வைத்து,
உன் அம்மா
பிபிஜோன்