வாலில்லாமல் வந்த செய்தி

அன்பு மகன் ச்சுன்-ஹேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம், அங்கே லீட்ஸ் குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும், ஈரத் தலையோடு வெளியே போகாதே. மேல் வீட்டு ஃபாங் அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது, நம் ஏ.சி. மறுபடி ஒழுகுகிறது, இதெல்லாம் சும்மா. விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலைக்குப் போகும் மினிபஸ்ஸை ஓட்டுகிற பூன் உனக்கு நினைவிருக்கும், மனைவியை இழந்தவர். போன வருஷத்திலிருந்து எனக்குச் செய்தி அனுப்புகிறார். "மழை வருது, குடை எடுத்துக்கோ லா", "இன்னிக்கு லேட்டு லோ" என்று ஒவ்வொன்றுக்கும், நாம் வாயால் பேசுகிற மாதிரியே, கடைசியில் செல்லமாக ஒரு வால் இருக்கும். நீங்களெல்லாம் அந்த வாலை ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவீர்கள். அவர் ஒவ்வொன்றையும் சீன எழுத்திலேயே, பேச்சு ஒலி என்று காட்ட 'வாய்' என்கிற சின்னக் கட்டத்தைப் பக்கத்தில் போட்டு, திரையில் விரலாலேயே எழுதுவார். பேச்சுக்கு மட்டுமே ஆனதால் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத எழுத்துகள், இந்த வயதில் எனக்காகக் கற்றுக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

திடீரென்று போன வாரம் ஒரு செய்தி. "ஞாயிறு முற்பகல் தேநீர் விடுதிக்கு வருக. முக்கியமான விஷயம் குறித்துப் பேச வேண்டியுள்ளது." ஒரு லாவும் இல்லை, லோவும் இல்லை, தண்ணீர் வரி ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி. மனுஷனுக்கு மனசு மாறிவிட்டது, கைகழுவத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அழுகையாக வந்தது. நான் போகவில்லை.

திங்கட்கிழமை அந்த பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை, கடைசி சீட்டில் போய் ஒளிந்துகொண்டேன். என் நிறுத்தம் வந்ததும் "இறக்கம்!" என்று கத்தினேன். வண்டி நின்றது, கதவு திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி, "நேத்து ஏன் வரல? டிம்சம் எல்லாம் ஆறிப்போச்சு" என்றார். "நோட்டீஸ் அனுப்பினா எவ வருவா?" என்றேன். "ஐயோ, கல்யாணம் பேசக் கூப்பிட்டேன்மா! அதுல போய் லா, லோன்னு எழுதுவாங்களா? மரியாதையா எழுதணும்னு ராத்திரி பூரா ஒக்காந்து யோசிச்சேன்" என்று எல்லார் முன்னாலும் கத்துகிறார். முன் சீட்டிலிருந்த டை கட்டினவர், "அக்கா, சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு ஆபீஸ் இருக்கு!" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "சரி லா, மொதல்ல கதவைத் தொற!" என்றேன். கை தட்டினார்கள்டா.

உன் அப்பாவை நான் மறக்கவில்லை, அது உனக்கே தெரியும். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் சொல்லிவிட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நடு இலையுதிர் விழாவுக்கு லீவு போட்டு வா, விருந்தை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பூன் காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு ஒரு செய்தி எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறார். அது வறட்டு எழுத்தாகத்தான் வரும். கோபம் என்று நினைத்துவிடாதே, அந்த மனுஷனுக்கு உன்னிடம் பயம்.

உன் அம்மா,
லாய் யுக்-பிங்