கூடவே அழுதவள்

மகனுக்கு அம்மா எழுதுவது.

போன வாரம் கோப்பெங் தோட்டத்து இடுகாட்டில், அப்பா சமாதியில் ஆ லான் கொளுத்தி வைத்த ஊதுபத்தியைச் சப்பாத்துக் காலால் மிதித்துவிட்டுப் போனாய். "கம்யூனிஸ்ட் பொண்டாட்டிக்கு இங்க என்ன வேலைலா?" என்று கத்தினாய். இப்போது போனையும் எடுப்பதில்லை. ஓய்வு பெற்ற போலீஸ்காரனுக்கு இவ்வளவு கோபம் ஆகாது.

வெள்ளைக்காரன் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில் அப்பா தோட்டத்துக்குக் காவல் நின்றார். ஒரு விடியலில் நடந்த சண்டையில் அவரும் செத்தார், எதிர்ப்பக்கம் ஆ லானின் புருஷனும் செத்தான். அவன் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குப் போனது அன்று எனக்கு மட்டும்தான் தெரியும்; உன்னிடமே இப்போதுதான் சொன்னேன். பட்டாளத்தார் அவன் உடம்பை ஆபீஸ் வாசலில் கிடத்தி, யார் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுதால் பிடித்துப் போவார்கள். என்னோடு ரப்பர் மரம் சீவும் ஆ லான் பால் வாளியோடு அவனைத் தாண்டி நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேரே நம் லயத்து வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"பாத்தியா, நம்ம ஆளுக்குச் சீனத்தி என்னமா அழுவுறா!" என்று பெண்கள் மெச்சினார்கள். நான் அவளை விடவில்லை. நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய்.

அவனை லாரியில் ஏற்றிப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. "அவருக்குக் குபூர், சமாதி ஒண்ணும் இல்லக்கா. இங்க ஒண்ணு கொளுத்திக்கவா?" என்று பிறகொரு நாள் அப்பா சமாதியில் ஊதுபத்தியோடு நின்று கேட்டாள். யார் யாரைச் சுட்டது என்று நாங்கள் பேசியதே இல்லை.

அடுத்த திதிக்கு வா. சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு வா. அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உன் அம்மா